பட்டப்பகலில் ஒரு டார்ச் லைட்

மாமா,

உங்கள் மூன்று பேட்டரி டார்ச் லைட் இன்னும் எரிகிறது. இன்று காலை மூடியைத் திருகியதும் அந்தப் பழைய பித்தளை வாடை மூக்கில் ஏறியது. பக்கத்தில் உங்கள் சின்னப் பேரன் பட்டுவேட்டி கட்டத் தெரியாமல் கத்திக்கொண்டிருந்தான். ஆமாம், இன்று அவனுக்குக் கல்யாணம்.

என் கல்யாணத்தை மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து பெண் அழைத்துக்கொண்டு எல்லாரும் கோல சிலாங்கூர் கோயிலுக்குப் புறப்பட்டீர்கள். ஆறு கார்கள். ஈஜோக் தாண்டியதும் கடைசியாக வந்த என் கார் புகை கக்கி நின்றது. முன்னால் போன ஐந்தும் திரும்பிப் பார்க்கவில்லை. முகூர்த்தம் தப்பினால் ஊர் வாய்க்கு அவலாகிவிடுவோம் என்று அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். நான் மை கரைய அழுதேன்.

அப்போதுதான், மோட்டார் சைக்கிளில் முன்னால் போயிருந்த நீங்கள் திரும்பி வந்தீர்கள். வழியில் நின்று கார்களை எண்ணினீர்களாம், ஒன்று குறைந்ததாம். என் பக்கத்தில் இருந்த புதுச் சீர்க்குடத்தைப் பிடுங்கி, ஓரத்துக் கால்வாயில் தண்ணீர் மொண்டு ரேடியேட்டரில் ஊற்றினீர்கள். அந்தக் குடத்துக்காக அம்மா ஒரு வாரம் புலம்பினார்.

"மெதுவாவே போங்க லா. பொண்ணு இல்லாம ஐயர் யாருக்குத் தாலி கட்டச் சொல்வாரு? நான் பின்னாலயே வர்றேன்."

வந்தீர்கள், ரோட்டின் இந்த ஓரமும் அந்த ஓரமுமாக வளைந்து வளைந்து. நான் திரும்பிப் பார்த்தபோதெல்லாம் பட்டப்பகலில் டார்ச் அடித்தீர்கள். மாமனாருக்கு மண்டையில் கோளாறு என்றே முடிவு கட்டினேன். முகூர்த்தம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது கோயிலில் இறங்கினோம்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. போர்க்காலத்தில் சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போன ஒரு குட்டிக் கப்பலில், எஞ்சினுக்கு எண்ணெய் விடுகிற வேலை உங்களுக்கு. வங்காள விரிகுடாவில் ஒரு சரக்குக் கப்பல் பழுதாகிப் பின்தங்கியது. மற்றவை போய்விட்டன. உங்கள் கப்பல் மட்டும், நீர்மூழ்கிக் கப்பலுக்குப் பயந்து வளைந்து வளைந்து, இரண்டு நாள் அதன் பின்னாலேயே வந்தது. பொழுது சாயும்போது அங்கிருந்து விளக்கைச் சிமிட்டி "இருக்கிறீர்களா?" என்று கேட்பார்களாம். "இருக்கிறோம்" என்று உங்கள் கப்பலிலிருந்து சிமிட்டுவார்களாம். இதை நூறு தடவை சொல்லியிருப்பீர்கள். ஒவ்வொரு தடவையும் கண் கலங்கும். உடனே காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று என்மேல் பாய்வீர்கள்.

இன்று புஞ்சாக் ஆலாமிலிருந்து மருமகளை அழைத்து வந்தோம். என்னை முதல் காரில் ஏறச் சொன்னார்கள். முடியாது என்று, அவள் காருக்குப் பின்னால் கடைசி வண்டியில் உட்கார்ந்தேன். பாதி வழியில் போன் செய்தாள். 

"அத்தை, எங்க இருக்கீங்க? ரொம்பப் பயமா இருக்கு அத்தை."

"திரும்பிப் பாரும்மா" என்று சொல்லி, கொளுத்துகிற வெயிலில் டார்ச்சை அடித்தேன்.

சிரித்துவிட்டாள், மாமா.