இடது காலில் நான் கட்டிய கட்டு

இன்று காலை நகராட்சி ஆட்கள் சாக்கடையோரம் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போனார்கள். அந்த நெடி ஏறியதும் உன் கால்தான் நினைவுக்கு வந்தது. அந்தத் தூளைக் கரைத்த தண்ணீரில்தான் உன் புண்ணைக் கழுவுவேன். நகரிக்குப் பக்கத்தில், நம்மூர் ஆஸ்பத்திரியில் அப்போது நான் கம்பவுண்டர். நீ நோயாளியாக வருவதற்கு முன்பே எனக்குச் சிநேகிதன்.

வலது கணுக்காலுக்கு மேலே உனக்கு நான்கு வருஷப் புண். நாள் முழுக்கத் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு மிதிக்கிறவனுக்கு ரத்தம் மேலே ஏறாமல் தேங்கி வருகிற புண். களிம்புக்கெல்லாம் அது மசியாது. விரலிலிருந்து முழங்கால்வரை இறுக்கிக் கட்டி, படுக்கும்போது காலை உயர்த்தி வைக்கச் சொன்னார் டாக்டர். ஆறு மாதத்தில் தோல் மூடியது. நீ தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தாய். கட்டிய எனக்கும் தலைகால் புரியவில்லை.

எந்த ஊர் சென்னைக்கு, எந்த ஊர் ஆந்திராவுக்கு என்று டீக்கடையில் தினமும் வாய்ச்சண்டை நடந்த காலம் அது. டாக்டர் சென்னைப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்தவர் வந்து சேரவில்லை. அந்த இடைவெளியில் உன் இடது கால் பெருவிரல் நுனியில் ஒரு புண் வந்தது.

"இதுவும் அதேதான். நல்லா இறுக்கிக் கட்டுப்பா. தறியில பாவு நூலு தளர்ந்தா துணியே கெட்டுப்பூடும்" என்றாய். உனக்கு இருந்தது நெசவாளியின் நம்பிக்கை. எனக்கு இருந்தது அகம்பாவம். கட்டினேன்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தாய். "காலைத் தூக்கி வெச்சா உயிர் போவுது. குழியில தொங்கப் போட்டாத்தான் தேவலாமா கீது."

"தறியை விட்டு ஏற மனசு வரல. அதான் சாக்கு சொல்லிக்கினு கீற" என்று கேலி செய்து, இன்னொரு சுற்று இறுக்கினேன்.

பத்தாம் நாள் விரல் கறுத்தது. அன்றுதான் வந்து சேர்ந்த புது டாக்டர் கட்டை அவிழ்த்து, உன் பாதத்தின் மேல் விரல் வைத்துப் பார்த்தார். "நாடி சூசாரா?" என்று தெலுங்கில் என்னைக் கேட்டார். நான் நாடி பார்த்திருக்கவில்லை. நீ குடித்த பீடியால் சுருங்கிப்போன ரத்தக் குழாயில், காலைத் தொங்கவிட்டால் மட்டும் இறங்கி வந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்ச ரத்தத்தையும் என் கட்டு நிறுத்தியிருந்தது. சித்தூரில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஒற்றைக் காலால் குழித்தறி மிதிக்க முடியாது. அதன்பின் நீ அடுத்தவர் தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்தாய்.

"பீடிதான் என் காலைத் துன்னுட்ச்சி" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாய். பக்கத்திலேயே உட்கார்ந்து நானும் தலையாட்டுவேன்.

உன் காரியத்தன்று உன் மனைவி என்னிடம் வந்தாள். "அந்த டாக்டரு நாடியப் பத்திக் கேட்டப்பவே இவருக்குப் புரிஞ்சிபோச்சிண்ணா. இது தனக்குத் தெரியும்னு தெரிஞ்சா நீங்க வேலைய வுட்டுடுவீங்கன்னுதான் பீடியச் சொல்லிக்கினு இருந்தாரு."

வேலையை நான் விடவில்லை. ரிட்டயராகும்வரை, பாதத்தில் துடிப்பு கிடைக்காமல் எந்தக் காலிலும் துணியைச் சுற்றவில்லை. கிடைக்காதவர்களை அன்றே பஸ் ஏற்றிச் சித்தூருக்கு அனுப்பினேன். இரண்டு காலோடு திரும்பி வந்தவர்கள் என்னைக் கும்பிடும்போது கூசிப்போவேன். தப்பு என்னுடையது என்று உன்னிடம் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். நீ என்னைச் சொல்லவே விடவில்லை.