கறுப்புப் பக்கத்து முக்காலி

7-2-1937, ஞாயிறு
ஜம்புலிங்கம் செத்து ஒரு வருஷம். என் சதுரங்கமும் அவனோடு போனது. பூந்தமல்லியில் எனக்கு எதிரே உட்கார ஆளில்லை. பஷீர் அகமது பாய் தம் ஜவுளிக்கடைப் பின்னறையைக் கொடுத்து, இருந்த ஒரே சாவியையும் தந்துவிட்டார். இனி ஞாயிறுதோறும் மூன்று மணிக்கு இலவசமாகக் கற்றுத்தருவேன் என்று தண்டோரா போடச் செய்தேன். ஒரு ஆடு வந்தது. அதற்கும் பிடிக்கவில்லை.

28-2-1937
நாலாவது ஞாயிறு. நசரத்பேட்டை வரை நடந்து சொல்லிப் பார்த்தாயிற்று. வண்டிக்கார எத்திராஜ், "இன்னா மாமே, மரக்குதிரைய வெச்சிகினு ஊரைக் கூப்புட்றே? புல்லு யாரு போடறது?" என்றான். மூன்றாம் பாரம் தேறாதவனுக்கு வாத்தியார் ஆசை வந்தால் இப்படித்தான்.

7-3-1937
அற்பத்தனம் ஒன்று செய்தேன். பலகையில் பாதி ஆட்டத்தை வைத்துவிட்டு, "வெள்ளை நான், கறுப்பு யாரென்று தெரியாது. பூட்டிய அறையில் வாரம் ஒரு காய் நகர்கிறது" என்று எத்திராஜிடம் மட்டும் சொன்னேன். அவனிடம் சொன்னால் தண்டோரா எதற்கு? சனிக்கிழமை நானே போய்க் கறுப்பை நகர்த்தினால் ஆயிற்று.

21-3-1937
முப்பது பேர். பேய் பார்க்க வந்தவர்களுக்குப் பேயின் ஆட்டம் புரியவில்லை. ஆகவே விதிகளைக் கேட்டார்கள். இட்லிக்கடை பூங்காவனம், "மந்திரின்னா எல்லாப் பக்கமும் போவாராண்ணே? சரிதான்" என்றாள். என் மகள் வசந்தா ஒரே நாளில் குதிரையைப் பிடித்துக்கொண்டாள்.

4-4-1937
நேற்று கறுப்பு யானையை நகர்த்திவிட்டுப் பூட்டினேன். இன்று திறந்தால் யானை பழைய இடத்தில். கறுப்பு ராஜா — குதிரை மாதிரித் தாவி வேறு கட்டத்தில். ராஜா அப்படிப் போகக்கூடாது. சாவி என் அரைஞாணில்.
பாய் பலகையைக் குனிந்து பார்த்தார். "எங்க அத்தா ஆடுவாரு. ராஜா ஒரு வாட்டி குதிரையாட்டம் தாண்டலாம். அது பழைய ஆட்டம். இப்ப யாரும் ஆடறதில்ல."
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சிரித்தேன். சிரிப்பு மாதிரி இருந்ததா, தெரியவில்லை.

11-4-1937
நேற்று நான் அங்கே போகவே இல்லை. நகர்ந்திருக்கிறது.

25-4-1937
தரையிலும் முக்காலிகளிலும் அரிசி மாவு தூவிவிட்டு வந்திருந்தேன். தரையில் ஒரு தடம் இல்லை. கறுப்புப் பக்கத்து முக்காலியில் மட்டும் மாவு அமுங்கிக் கிடந்தது.
என் மனைவி சாமுண்டீஸ்வரி கேட்டது மாவைப் பற்றித்தான்.

9-5-1937
ஆரம்பத்தில் நகர்த்தியது நான்தான் என்று எல்லார் முன்னும் ஒப்புக்கொண்டேன். ஒருவரும் எழுந்து போகவில்லை.
"மொத மூணு வாட்டி நீ. செரி. இப்ப யாரு?" என்றான் எத்திராஜ்.

4-7-1937
பதினொரு பலகை. சேக்காடு, வேலப்பன்சாவடி ஆட்கள்கூட வருகிறார்கள். பேயை மறந்து சண்டை போட்டு ஆடுகிறார்கள். என்னோடு ஆடத்தான் யாரும் இல்லை.
"உன் ஆட்டம் முடியட்டும் மாமே. நீ பாதியில எய்ந்து வந்தா அவுரும் கூடவே வந்துடுவாரு" என்கிறான் எத்திராஜ்.

5-9-1937
தோற்றேன். இவ்வளவு சந்தோஷமாக நான் தோற்றதில்லை. வெள்ளை ராஜாவைப் படுக்கவைத்துவிட்டு வசந்தாவைக் கூப்பிட்டேன். ஒன்பது வயது, ஊரில் இப்போது அவள் ஆட்டம்தான் ஆட்டம். இவளோடு ஆடத்தானே எத்தனை ஞாயிறு காத்திருந்தேன்.
"வா, எதிரே உக்காரு."
முக்காலி வரை வந்தாள். நின்றாள்.
"வேணாம் நைனா. அவரு இன்னும் ஏந்திரிக்கல."

12-9-1937
திறந்தேன். காய்களெல்லாம் புதிதாக அடுக்கப்பட்டிருந்தன. பலகை திரும்பியிருந்தது; வெள்ளை அந்தப் பக்கம். ஒரு சிப்பாய் மட்டும் ஒரே கட்டம் முன்னால் வந்து நின்றது.
என் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இந்தத் தடவை கறுப்பு எனக்கு. யோசிக்க ஒரு வாரம் இருக்கிறது.