தங்கமலர் அக்காவின் கண்மலர்

ஓகஸ்ட் 11, 2025

ஊருக்குப் போய்வந்த விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பினேன். இங்கே ஹோர்சன்ஸ் நகரில் மழை, சைக்கிள் இருக்கை ஊறியிருந்தது.

பிராண்டே நகரிலிருந்து அக்கா ஃபோன் எடுத்தாள்.

"கதிர்காமத்தில குடுத்திட்டியோ?"

"ஓம், குடுத்தாச்சு."

மே மாதம் இடக்கண்ணில் விழித்திரை கழன்று சத்திரசிகிச்சை நடந்தபோது, கண் வடிவில் வெள்ளித் தகடு கொடுப்பதாக நேர்ந்தது அவள். கொண்டுபோனது நான். அந்த வெள்ளிக் கண்மலர் இன்னும் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

ஓகஸ்ட் 17

அக்கா வீட்டில் சாப்பாடு. வந்தவர்களுக்கெல்லாம் சொன்னாள்: "உவள் சாமி கும்பிடாதவள். எனக்காக வெய்யிலில வரிசையில நிண்டவள்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இன்னும் கொஞ்சம் பருப்பு போட்டுக்கொண்டேன்.

ஓகஸ்ட் 18

புள்ளிவிபரம் படித்தவள் நான். வெள்ளித் துண்டால் கண் சுகப்படாது. பிறகேன் லாச்சியைத் திறக்க முடியவில்லை?

செப்டெம்பர் 9

அக்காவுக்கு அதே கண்ணில் விழித்திரை மறுபடி கழன்றுவிட்டது. சிலருக்கு நடப்பதுதான் என்றார் டாக்டர். எனக்கும் தெரியும்.

"நான் என்ன குறை வைச்சனான், சொல்லடி?"



செப்டெம்பர் 14

கண்மலரைக் கொடுக்கவில்லையென்று சொல்லிவிட்டேன். விழித்திரையைப் பிடித்துவைக்க அவள் கண்ணுக்குள் வாயு ஏற்றியிருக்கிறார்கள், அதற்காகக் குப்புறப் படுத்திருந்தாள். அவள் முகம் தெரியாததால்தான் துணிவு வந்தது. அதுவும் வெட்கம்.

நம்பிக்கை இல்லாததால் அல்ல என்றும் சொன்னேன். கதிர்காமத்து வரிசையில் முக்கால்வாசி சிங்களவர். அவர்களுக்கும் அதே சாமிதான். எனக்கு முன்னால் ஒருவன், ஒட்ட வெட்டிய முடி, போர்க்காலத்து ஆமிக்காரன் நிற்பதுபோல் நின்றான். திரும்பிச் சிரித்து, நிழலில் எனக்கு இடம் விட்டான். அவனுக்குப் பின்னால் நிற்க — என்னால் ஏலாமல் போச்சு. அவன் தட்டில், பழங்களுக்கு மேல், யாருக்கோ நேர்ந்த ஒரு வெள்ளிக் கால். அதைப் பார்த்த பிறகும், கொடுக்காமலே திரும்பிவிட்டேன்.

தலையணைக்குள்ளிருந்து குரல்: "நீ நம்பாட்டிப் பரவாயில்லை. என்னை ஏனடி நம்ப வைச்சனி?"

செப்டெம்பர் 28

அக்கா ஃபோனை எடுக்கிறாள் இல்லை. பதினோராவது தடவை.

நவம்பர் 22

நேற்று அவளே ஃபோன் எடுத்தாள். வாயு கரைந்துவிட்டதாம், இனி விமானம் ஏறலாம். பார்வை பாதிதான்.

"தை மாசம் கதிர்காமம் போக ரெண்டு டிக்கெட் போடு. இடப்பக்கம் எனக்கு வடிவாத் தெரியாது, நீ அங்கால நில். முன்னுக்கு ஆமிக்காரன் நிண்டால் ஓடமாட்டியே?"

"ஓடமாட்டன். கண்மலரை நான் கொண்டு—"

"தேவையில்லை. இஞ்ச கொண்டுவந்து தா."

இன்று பிராண்டேக்குப் போய்க் கொடுத்தேன். விரல்களால் தடவிப் பார்த்தாள். என் கண் முன்னாலேயே தன் கைப்பைக்குள் போட்டு, சிப்பை இழுத்து மூடினாள்.