அம்மா சொன்னதும் நான் சொன்னதும்

அக்டோபர் 14, செவ்வாய்

தம்பி இன்று தன் டூரிஸ்ட் ஜீப்பில் ஒரு பிரெஞ்சுத் தம்பதியை, தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டான். "எங்கக்கா காலேஜ்ல பிரெஞ்சு புரொபசரு" என்று ஒரே பெருமை. மழைக்காலத்தில் இங்கே வாழ்க்கை எப்படி என்று அந்தப் பெண் அம்மாவிடம் கேட்கச் சொன்னாள். கேட்டேன்.

"கூரை ஒழுகுது, சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு. வெள்ளக்காரங்க சொன்னா மேனேஜர் துரை கேப்பாரு. சொல்லச் சொல்லுடி" என்றாள் அம்மா.

மழைச் சத்தம்தான் தனக்குத் தாலாட்டு என்கிறாள், என்று பிரெஞ்சில் சொன்னேன். யோசிக்கவே இல்லை. ஒழுகுகிற வீட்டுக்காரியாக அவர்கள் முன்னால் நிற்க எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். வகுப்பில் கவிதை நடத்தி நடத்திப் பழகிய நாக்கு, அழகாகவே சொல்லிவிட்டது. அந்தப் பெண் கண்கலங்கி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சீ.

அம்மா சற்றுமுன் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வாளியை வைத்துவிட்டுப் போனாள். "அந்தம்மாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு பாத்தியா? கட்டாயம் துரைகிட்ட சொல்லிருவாங்க."

"சொல்லிருவாங்கம்மா" என்றேன்.

வாளியில் சொட்டிக்கொண்டே இருக்கிறது. அம்மா நன்றாகத் தூங்குகிறாள்.