வடக்கனந்தல் குச்சி

வடக்கனந்தல்,
16.8.2021

அன்புள்ள செந்தமிழ்ச்செல்விக்கு,

கொளஞ்சி எழுதுகிறேன். நீயும் அண்ணனும் பிள்ளைகளும் பெங்களூரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் உன் குரலைக் கேட்டதும் சொல்ல வந்ததை விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருப்பேன். அதனால்தான் கடிதம். உங்கள் பக்கம் வாரம் ஒரு தரம் வருகிற லாரிக்காரர் சின்னதுரையிடம் கொடுத்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். நம் பழைய ஊதுபத்திக் குச்சி ஷெட்டை மகளிர் குழு எடுத்திருக்கிறது. நீயும் நானும் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நின்றோமே, அதே ஷெட். வெளிநாட்டுக் குச்சிக்கு வரியைக் குறைத்தார்கள், ஷெட்டை மூடினார்கள், நீ பெங்களூருக்குப் போனாய், நான் கரும்பு வெட்டப் போனேன். பத்து வருஷம் ஓடிவிட்டது. இப்போது அந்த வரியைப் பத்திலிருந்து இருபத்தைந்தாக ஏற்றியிருக்கிறார்களாம். "இனி உள்ளூர்க் குச்சிக்குத்தான் காலம்" என்று குழுக் கூட்டத்தில் ஒரு அதிகாரி சொல்லிவிட்டுப் போனார்.

சொல்லிவிட்டுப் போவது சுலபம். வந்து பார்த்தால் பாதி மெஷின் பழைய இரும்புக்குப் போயிருக்கிறது. பிளேடு தீட்டத் தெரிந்த ஆளைக் கள்ளக்குறிச்சி முழுக்கத் தேடினேன், கிடைக்கவில்லை. புதிதாக வந்த ஏழு பெண்களுக்கு மூங்கிலைப் பிடிக்கவே வரவில்லை. எனக்கே கை மறந்துவிட்டது, யாரிடமும் சொல்லாதே.

உன் கம்பெனிக்கு வரும் குச்சியைச் சோதித்து எடுப்பது நீதான் என்று உன் அண்ணி சொன்னாள். எங்களிடம் ஒரு லோடு எடுக்கச் சொல்லடி. இந்த வருஷம் கரும்பு வெட்ட வரமாட்டோம் என்று எட்டுப் பேரும் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டோம்.

இப்படிக்கு,
கொளஞ்சியம்மாள்


பெங்களூர்,
25.8.2021

அடி கொளஞ்சி,

பத்து வருஷத்தில் முதல் கடிதம், அதிலும் என் முட்டிவலியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருக்கட்டும். படித்துவிட்டு அழுதேன்.

மேனேஜரிடம் பேசினேன். "போன வருஷம் உள்ளூர்க் குச்சி வாங்கிப் பட்டது போதும்" என்றார். விடாமல் கேட்டு, மாதிரிக்கு அறுபது கட்டு அனுப்பச் சொல்ல வைத்திருக்கிறேன். தேறினால் மாதாமாதம் எடுப்பார்கள். தேறாவிட்டால் வரியைக் கட்டிக்கொண்டு வியட்நாம் குச்சியையே வாங்குவார்கள். வரியால் நமக்குக் கதவு திறந்திருக்கிறது, அவ்வளவுதான். நாளைக்கே குறைத்தாலும் குறைப்பார்கள்.

கணுவுக்குக் கணு ஒரு ஜாணுக்குக் குறைந்த மூங்கிலை வாங்காதே. கணு உள்ள குச்சி எங்கள் மெஷினில் ஒடியும். ஈரம் ஆகவே ஆகாது. நீ குச்சியைக் கன்னத்தில் வைத்து ஈரம் பார்ப்பாயே, அது இங்கே செல்லாது. கருவி வைத்திருக்கிறோம்.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். குச்சியைக் கையில் எடுத்துவிட்டால் நான் உன் சிநேகிதி இல்லை. அப்புறம் திட்டாதே.

உன்,
செல்வி


வடக்கனந்தல்,
4.10.2021

அன்புள்ள செல்விக்கு,

தபாலில் போடும் இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே அறுபது கட்டும் வந்து சேர்ந்திருக்கும். உன் முட்டிக்கு நொச்சித் தழை வைத்து ஒத்தடம் கொடு.

மூங்கில் வெள்ளிமலையிலிருந்து வந்தது. மாயவன் என்று ஒருவர், சொந்தப் பட்டா நிலத்தில் வைத்திருக்கிறார். ஒவ்வொரு மூங்கிலையும் ஜாண் வைத்து அளந்து பார்த்தபோது, "இன்னாம்மா, பொண்ணு பாக்க வந்தியா, மூங்கில் வாங்க வந்தியா?" என்று கேட்டார். பாதியைக் கழித்துவிட்டேன். மழை பிடித்துக்கொண்டதால் அவரவர் வீட்டுக்குள் பரப்பி, ஃபேன் போட்டுக் காய வைத்தோம். குச்சி காய்ந்தது, நாங்கள் புழுங்கினோம்.

வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து ஏற்றினோம். எங்கள் எட்டுப் பேரில் ஒருத்தி ஜெயம்மாள், அவள்தான் முறையாகப் பூசை போட்டு, ஒரு கட்டையும் விடாமல் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியாயிற்று. லாரி திரும்பியதும் எட்டுப் பேரும் சின்னப் பிள்ளைகளைப் போலக் கை தட்டினோம்.

இப்படிக்கு,
கொளஞ்சி


பெங்களூர்,
11.10.2021

கொளஞ்சி,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. லோடைத் திருப்பி அனுப்புகிறேன்.

அறுபதில் நாற்பத்தொரு கட்டில் பூஞ்சை. பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். குச்சி நன்றாகத்தான் காய்ந்திருக்கிறது. மஞ்சள் தண்ணீர் பட்ட இடத்தில்தான் கறுப்பு ஆரம்பித்திருக்கிறது. ஊர் ஊராக நின்று சரக்கு இறக்கி வருகிற லாரியில், ஈரத்தோடு தார்ப்பாய்க்குள் மூன்று நாள் புழுங்கியிருக்கிறது. மஞ்சள் மேல் தப்பில்லை, தண்ணீர் மேல்தான்.

கோபம் வரும். வரட்டும். எனக்குப் பதில் எழுது.

செல்வி


வடக்கனந்தல்,
15.10.2021

செந்தமிழ்ச்செல்விக்கு,

லோடு வந்து சேர்ந்தது. தெருவே நின்று பார்த்தது. மேஸ்திரியும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான்.

சாமிக்குச் செய்ததைக் குற்றம் சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது? வியட்நாம்காரன் மஞ்சள் தெளிப்பதில்லை, அதனால் அவன் குச்சி உனக்கு உசத்தியோ? இங்கே இருந்தபோது நீயும்தான் தெளித்தாய். பெங்களூர்த் தண்ணீர் குடித்ததும் எல்லாம் மறந்துவிட்டது. உன் கருவியும் நீயும் நன்றாக இருங்கள்.

கொளஞ்சியம்மாள்


பெங்களூர்,
3.11.2021

கொளஞ்சி,

அன்றைக்கு நானும் தெளித்தேன், உண்மைதான். அந்த லோடு திருக்கோவிலூர் வரைக்கும்தான் போகும், காலையில் ஏற்றினால் மத்தியானம் பிரித்துவிடுவார்கள். இது மூன்று நாள் பயணம்.

மேனேஜர் காலில் விழாத குறையாக இன்னொரு வாய்ப்பு வாங்கியிருக்கிறேன். டிசம்பர் கடைசிக்குள் அறுபது கட்டு. இதுதான் கடைசி. என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, குச்சியை மட்டும் அனுப்பு.

செல்வி


வடக்கனந்தல்,
22.12.2021

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். அப்புறம் திரும்பி வந்ததில் நல்ல கட்டு இரண்டை எடுத்து, ஒன்றில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஒன்றை அப்படியே விட்டு, தனித்தனியாகத் தார்ப்பாயில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டேன். உன்னைப் பொய்க்காரி ஆக்கத்தான் செய்தேன். பத்தாம் நாள் எல்லோரையும் கூப்பிட்டுப் பிரித்தேன். தெளித்தது கறுத்துக் கிடந்தது. ஜெயம்மாள், "அய்யோ, நாமளேதான் கெடுத்துக்கினோமா!" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

உன்னைச் சொன்னதெல்லாம் தப்பு. மன்னித்துக்கொள்.

இந்த முறை மஞ்சள் தண்ணீர் லாரிச் சக்கரத்துக்கு மட்டும். பழைய லோடைவிடக் குச்சி மெல்லிசாக, ஒரே சீராக வந்திருக்கிறது. பெண்களுக்குக் கை வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. இதுவும் திரும்பி வந்தால் எட்டுப் பேரும் மேஸ்திரி வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். பயமாக இருக்கிறதடி.

உன்,
கொளஞ்சி


பெங்களூர்,
5.1.2022

என் அன்புக் கொளஞ்சிக்கு,

லாரி வந்தபோது தேறிவிட வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டேன். இந்த மனசோடு உன் குச்சியைப் பார்த்தால் நான் நியாயமாக இருக்கமாட்டேன் என்று தெரிந்துவிட்டது. ஊர்ப் பெயர் எழுதிய அட்டைகளை எல்லாம் கழற்றிவிட்டு, அறுபது கட்டையும் தேவிப்ரியாவிடம் கொடுத்துவிட்டேன். என்னிடம் வேலை பழகிய பெண், என்னைவிடக் கறார். ஊதுபத்தி உருட்டும் கூடத்துக்குப் போய்ச் சம்பந்தமில்லாத வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறுபதில் ஐம்பத்தாறு தேறியது. நாலு கட்டில் கணு இருந்தது, தயவுதாட்சண்யம் இல்லாமல் தூக்கி வைத்துவிட்டாள். அதைச் சரிசெய். மேனேஜர் மாதம் இருநூறு கட்டு எழுதிவிட்டார். வரி இறங்கினால் மறுபடி பேசுவோம் என்றார். இறங்கட்டும், அதற்குள் கணுவே இல்லாத குச்சி நம்மால் போட முடியும் என்று நானும் சொல்லிவிட்டேன்.

கையெழுத்துப் போடும்போது தேவிப்ரியா கேட்டாள், "அக்கா, அட்டை இல்லையே, இது எங்கேயிருந்து வந்தது?" வடக்கனந்தல் என்றேன். வேலைக்கு வந்த நாளிலிருந்து பெரும்பாலும் கப்பலில் வந்த குச்சியையே பார்த்தவள் அவள். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "அது எந்த நாடுக்கா?"

உன்,
செல்வி