முனியாண்டி மரம் யாருடையது

வியாழக்கிழமை.

இன்று ஈப்போவில், வக்கீல் அலுவலகத்தில், ஒரு பொய்க்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

போன மாதம் அடித்த காற்றில் ரப்பர் எஸ்டேட் ஓரத்தில் இருக்கும் எங்கள் முனியாண்டி கோயில் ஆலமரத்தின் கிளை முறிந்து, சாப்பாட்டுக் கடை காதர் பாயின் வேன்மேல் விழுந்தது. அவருக்கு இழப்பீடு கொடுத்த காப்புறுதி நிறுவனம், மரத்துக்குப் பொறுப்பானவர்கள்மேல் வழக்குப் போடப் போகிறது. மரம் யாருடையது என்று கோயில் செயலாளரான என்னிடம் எழுத்தில் கேட்டார்கள்.

"எஸ்டேட் மரம்னு ஒரு சுராட் எழுதிக் குடுத்துடு தம்பி, கடுதாசிதானே. கேஸ் நம்ம பக்கம் வராதுலா," என்றார் தலைவர் மணியம் அண்ணன்.

"நாமதானேண்ணே மஞ்சத்துணி கட்டி வச்சிருக்கோம்?"

"துணி யாரு வேணாலும் கட்டலாம்."

எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காப்புறுதிக்கார வக்கீல் சின்னப் பெண்தான், தமிழ்ப் பெண். படித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"அப்ப கோயில் இருக்கிற இடமும் எஸ்டேட்டோடதுதானே அண்ணே?"

எஸ்டேட்டை வாங்கிய கம்பெனி கோயிலைக் காலி செய்யச் சொன்னபோது, 'நான்கு தலைமுறையாக இந்த மரமும் இடமும் எங்கள் பராமரிப்பில்தான் இருக்கின்றன' என்று பதில் எழுதியவனும் நான்தான். இனி வழக்கு கம்பெனிமேல் போகும்; கூடவே என் இன்றைய கடிதமும் போகும், அவர்கள் இரண்டு கடிதங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

நாளை வெள்ளிக்கிழமை. மரத்தடியில் விளக்கேற்றும் முறை எங்கள் வீட்டுக்கு. என் மனைவி சாயங்காலமே திரியும் எண்ணெயும் எடுத்து வைத்துவிட்டாள். அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.