சும்மா இருப்பதும் கணக்குத்தான்

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டிவலி குறைந்ததா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான் இன்னும் ஆறவில்லை.

இந்த வேதியியல் ஆய்வகத்தில் கணிதம் படித்த கணக்குக்காரி நான் ஒருத்திதான். இன்று சீனியர் ஒரு மூலக்கூறு மாதிரியைத் திருப்பிக் காட்டினார். எப்படியெல்லாம் திருப்பினால் அது பழையபடியே தெரிகிறதோ, அந்தத் திருப்பல்களைப் பலகையில் எழுதி, "இதுதான் இதோட குலம்" என்றார். கணக்கில் குலம் என்றால் சில விதிகளுக்கு உட்பட்ட ஒரு தொகுப்பு, அப்பா.

"திருப்பாம விடுறதை விட்டுட்டீங்களே, சார்!"

"சும்மா இருக்கறதெல்லாம் ஒரு வேலையா? உன்னை மாதிரியே இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள்.

"கூட்டல்ல பூஜ்ஜியம் மாதிரிதான் சார் அது, எதையும் மாத்தாது, ஆனா இருந்தே ஆகணும். அது இல்லேன்னா குலம் இல்ல, வெறும் கும்பல்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தேன்.

பேருந்து வரும் நேரம், முடிக்கிறேன். தம்பி அனுப்பிய குடும்பப் படத்தில் இடைவெளியே இல்லாமல் ஒட்டி நிற்கிறீர்கள். அடுத்த படத்தில் அம்மா பக்கத்தில் எனக்கென்று ஓர் ஆள் இடம் விடுங்கள். இல்லாவிட்டால் உங்களோடும் சண்டைதான்.

மூத்தவள்